வெளிநாட்டு வியாபாரமும் முதலீடும் வந்தா ஊரு வளருமா? நம்ம மலையை வச்சுப் பேசலாம் வாங்க

#1 கொழுந்துக்கூடை

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நீலகிரியில கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (எங்க பக்கம் கிராமத்தை அப்படித்தான் சொல்லுவோம்), வீட்டுல ஒன்றரை ஏக்கர் தேயிலை, இப்ப கோயம்புத்தூர்ல எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். அடுத்த மாசம் செமினார் எடுக்கணும், தலைப்பு "வளரும் நாடுகளின் பொருளாதார வளர்ச்சியில் அந்நிய வர்த்தகமும் முதலீடும்". நோட்ஸ் எல்லாம் எடுத்துட்டேன், ஏற்றுமதி கூடினா ஜிடிபி கூடும், வெளிநாட்டு முதலீடு வந்தா வேலை வரும் தொழில்நுட்பம் வரும் அன்னியச் செலாவணி வரும், எல்லாமே வரும் வரும்னுதான் இருக்கு. ஆனா எழுத உக்காந்தா எங்க வீட்டு மொட்டை மாடிதான் கண்ணுக்குள்ள வருது.

1998ல பச்சை இலைக்கு நல்ல விலை இருந்தப்போ அப்பா கட்டுன வீடு. அடுத்த வருஷம் மாடி எடுக்கலாம்னு தூணுக்கு மேல கம்பியை நீட்டி விட்டாங்க. அடுத்த வருஷமே விலை விழுந்துச்சு. அந்தக் கம்பி இன்னைக்கு வரைக்கும் துருப்பிடிச்சு அப்படியே நிக்குது. எங்க ஹட்டில மட்டும் அப்படி கம்பி நீட்டிக்கிட்டு நிக்கிற வீடு பத்துக்கு மேல இருக்கு. நான் அப்ப பிறக்கவே இல்ல, ஆனா என் வயசு அந்தக் கம்பியை விட கொஞ்சம்தான் கம்மி.

அதனால கேக்குறேன், வெளிநாட்டு வியாபாரம் நம்மள வளர்த்துச்சா கவுத்துச்சா? கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்களும் சொல்லுங்க. புக்குல இருக்கறதை இல்ல, நீங்க பாத்ததை சொல்லுங்க.

#2 வெலிங்டன்_லெட்ஜர்

ரெண்டுமே பண்ணுச்சும்மா. நான் குன்னூர்ல டீ ஏலத்துக்கு சம்பந்தப்பட்ட வேலையில இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன், அதனால எனக்கு தெரிஞ்சதை சொல்றேன்.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கணும், வெளிநாட்டு வியாபாரம் இல்லன்னா இந்த மலையில தேயிலையே இல்ல. நட்டதே கப்பல்ல ஏத்தத்தான். இந்தியால விளையற டீல சுமார் 80 சதவீதம் இந்தியாக்காரங்களே குடிச்சிடறோம், ஏற்றுமதி மீதிதான், ஆனா தென்னிந்திய டீ அப்படி இல்ல, நம்ம டீ வெளிநாட்டை நம்பித்தான் ரொம்ப காலம் ஓடுச்சு. சோவியத் ரஷ்யா இருந்தப்போ இந்திய டீக்கு பெரிய வாடிக்கை அவங்கதான், அதுவும் ரூபாயிலயே கணக்கு, டாலரே வேண்டாம். 1991ல அந்த நாடே உடைஞ்சுச்சு. அப்புறமும் ரஷ்யாக்காரங்க வாங்குனாங்க, ஆனா 1998 ஆகஸ்ட்ல ரூபிள் மதிப்பு சரிஞ்சுச்சு பாருங்க, உங்க வீட்டு கம்பிக்கும் மாஸ்கோ பேங்குக்கும் அங்கதான் முடிச்சு.

அதோட சேர்ந்து 2000 மார்ச்ல இந்தியா இலங்கை தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்துச்சு, வருஷத்துக்கு ஒன்றரை கோடி கிலோ இலங்கை டீ குறைஞ்ச வரியில வரலாம்னு. 2001 ஏப்ரல் 1ல உலக வர்த்தக அமைப்பு தீர்ப்புப்படி இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடு எல்லாம் எடுத்தாங்க. மூணும் அடுத்தடுத்து. ஒரே ஒரு காரணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

#3 குந்தா_பனி

லெட்ஜர் சொல்றது சரி ஆனா பாதிதான் சொல்லியிருக்காரு. மீதியை இலை போட்ட நான் சொல்றேன், எனக்கு இப்ப அறுபத்தி மூணு வயசு.

ரஷ்யாக்காரன் வாங்குன காலத்துல எதை குடுத்தாலும் வாங்குனான். அதுதான் எங்களை கெடுத்துச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு கையால பறிப்போம், எங்க அம்மா கூடையில ஒரு முத்தல் இலை கெடந்தா மேஸ்திரி எடுத்து கீழ போடுவாரு. விலை ஏறுனதும் எல்லாரும் கத்திரி போட ஆரம்பிச்சோம், தண்டு முத்தல் எல்லாம் சேர்த்து வெட்டி கட்டி அனுப்புனோம், ஃபேக்டரிக்காரனும் கேக்கல ஏஜென்ட்டும் கேக்கல, எடைதான் முக்கியம். உருளைக்கிழங்கு கேரட் போட்ட பூமியை எல்லாம் தேயிலை ஆக்குனோம். வாங்குறவன் ஒருத்தன் போனதும் மத்த நாட்டுக்காரன் நம்ம தூளை மோந்து பாத்துட்டு வேண்டாம்னான். தப்பு எங்க மேலயும் இருக்கு, அதை சொல்லாம ரூபிளை மட்டும் குத்தம் சொன்னா அது நியாயம் இல்ல.

நான் 1985ல இருந்து இலை போட்ட கணக்கு எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், தேதி கிலோ விலை மூணும். 98ல ரெட்டை இலக்கத்துல இருந்த விலை ரெண்டு வருஷத்துல ஒத்தை இலக்கம் ஆயிடுச்சு. நாலு நாலரை கிலோ பச்சை இலை போட்டாதான் ஒரு கிலோ தூள், அப்ப பறிகூலி குடுக்கறதா உரம் வாங்கறதா பிள்ளைக்கு ஃபீஸ் கட்டறதா. ஒரு மாசம் நோட்டுல வெறும் கோடுதான் போட்டிருக்கேன், பறிக்கவே இல்ல.

#4 பாடம்_சொல்றவர்

தங்கச்சி நல்ல கேள்வி கேட்டிருக்கு. நான் ஊட்டியில முப்பது வருஷம் பொருளாதாரம் சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆனவன், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கணும்.

குந்தா அண்ணன் சொன்ன கதைக்கு ஒரு கோட்பாடு இருக்கு. 1950ல பிரெபிஷ்னு அர்ஜென்டினாக்காரர், சிங்கர்னு இன்னொருத்தர், ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே விஷயத்தை சொன்னாங்க. விளைபொருளை வித்து இயந்திரத்தை வாங்குற நாட்டுக்கு காலப்போக்குல பேரம் சுருங்கிக்கிட்டே போகும், அதாவது அதே இயந்திரத்தை வாங்க வர வர கூடுதலா விளைபொருள் குடுக்க வேண்டி வரும். ஏன்னா வருமானம் ரெண்டு மடங்கு ஆனா மனுஷன் ரெண்டு மடங்கு டீ குடிக்க மாட்டான், ஆனா போன் மாத்துவான் கார் வாங்குவான். இன்னொண்ணு, டீ யாரு வேணாலும் நடலாம், புதுசா ஒரு நாடு நட்டா எல்லாருக்கும் விலை விழும். வியட்நாம் காபிய பாருங்க, தொண்ணூறுகள்ல நட்டுத் தள்ளுனாங்க, உலகத்துல ரெண்டாவது பெரிய காபி நாடு ஆனாங்க, 2001 வாக்குல உலகம் பூரா காபி விலை படுத்துச்சு. வியட்நாம் வளர்ந்துச்சு, அதே நேரத்துல மத்திய அமெரிக்காவுல காபித் தோட்டக் கூலிகள் பட்டினி கெடந்தாங்க. ஒரே வர்த்தகம்தான், ஒரு ஊருக்கு ஏத்தம் இன்னொரு ஊருக்கு இறக்கம்.

நம்ம மலையிலயே இதுக்கு பழைய சாட்சி இருக்கு. நடுவட்டம் பக்கம் சிங்கோனா மரம் பாத்திருப்பீங்க. 1860ல மார்க்கம்ங்கறவர் தென் அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்து தொட்டபெட்டா பக்கம் நட ஆரம்பிச்சாங்க, மலேரியாவுக்கு கொய்னா எடுக்க. நடுவட்டத்துல ஃபேக்டரியே ஓடுச்சு. ஆனா டச்சுக்காரங்க ஜாவாவுல நட்ட ரகத்துல கொய்னா சத்து பல மடங்கு, இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல உலகச் சந்தையே அவங்க கையில. அப்புறம் செயற்கை மருந்து வந்துச்சு, கதை முடிஞ்சுது. நம்மகிட்ட இருந்தது மரம், அவங்ககிட்ட இருந்தது மரத்தைப் பத்தின ஆராய்ச்சி.

இதுக்காக வர்த்தகமே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். எதை விக்கிறோம், வித்த காசுல அடுத்து என்ன கத்துக்கிறோம், அங்கதான் வித்தியாசம்.

#5 மன்னவனூர்க்காரன்

வணக்கம். கொடைக்கானல் மேல்மலை, பூண்டு கேரட் உருளை போடுறோம். நீங்க எல்லாம் வர்த்தகத்தையே பேசுறீங்க, முதலீட்டைப் பத்தி நான் சொல்லணும், ஏன்னா எங்க மலைக்கு ஒரு வெளிநாட்டு முதலீடு வந்துச்சு, அதை மறக்க முடியாது.

தெர்மாமீட்டர் ஃபேக்டரி. எண்பதுகள் தொடக்கத்துல அமெரிக்காவுல நியூயார்க் மாகாணம் வாட்டர்டவுன்ல ஓடிக்கிட்டிருந்த ஃபேக்டரியை அப்படியே கழட்டி கொடைக்கானலுக்கு கொண்டு வந்தாங்க. கண்ணாடி வெளிய இருந்து வரும், பாதரசம் வெளிய இருந்து வரும், செஞ்சதும் திரும்ப வெளிய போகும். நம்ம மலை குடுத்தது குளிரும் கூலியும். புக்குல இருக்கற எல்லாமே இதுல இருந்துச்சு பாருங்க, முதலீடு வேலை ஏற்றுமதி டாலர் எல்லாம். மேல்மலை பையன்கள் அவ்வளவு பேருக்கு மாசச் சம்பளம் கிடைச்சது அதுல, அதை இல்லன்னு சொல்லல.

2001ல மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில பாதரசம் ஒட்டுன உடைஞ்ச கண்ணாடி டன் கணக்குல குமிஞ்சு கெடந்தது வெளிய வந்துச்சு, அந்த வருஷமே ஃபேக்டரியை மூடுனாங்க. 2003ல 290 டன் கழிவை கப்பல்ல ஏத்தி திரும்ப அமெரிக்காவுக்கே அனுப்புனாங்க. அங்க வேலை செஞ்ச 591 பேருக்கு 2016லதான் சமரசத் தொகை பேசி முடிஞ்சது. பதினஞ்சு வருஷம். அதுக்குள்ள போய்ச் சேர்ந்தவங்க எத்தனை பேர்னு எங்க ஊர்ல வீடு வீடா சொல்லுவாங்க. ஃபேக்டரி இருந்த இடத்துக்கு பக்கத்துலயே பாம்பார் சோலை, அங்க இருந்துதான் தண்ணி இறங்குது.

ஜிடிபியில அந்த தெர்மாமீட்டர் எல்லாம் கூட்டல் கணக்குலதான் ஏறியிருக்கும். மண்ணுல இறங்குன பாதரசத்தை எந்தப் பக்கத்துல எழுதுனாங்க? தங்கச்சி, உன் செமினார்ல இதை கண்டிப்பா கேளு.

#6 வெலிங்டன்_லெட்ஜர்

மன்னவனூர் அண்ணே, படிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல. நீங்க சொன்னது நடந்தது, அதுல வாதாட ஒண்ணும் இல்ல. ஆபத்தான தொழிலை சட்டம் தளர்வா இருக்கற நாட்டுக்கு தள்ளி விடறது உலகம் பூரா நடந்திருக்கு.

ஆனா இதை வச்சு கதவை சாத்தணும்னு யாரும் முடிவு எடுத்துடக் கூடாது. கதவை சாத்துனா என்ன ஆகும்ங்கறதுக்கும் நம்ம மலையிலயே சாட்சி இருக்கு, ஊட்டி இந்து நகர் பிலிம் ஃபேக்டரி. 1960ல அரசு ஆரம்பிச்சு பிரெஞ்சு தொழில்நுட்பத்துல 1967ல உற்பத்தி தொடங்குனது. எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் நம்ம நாட்டுலயே. வெளிநாட்டு பிலிமுக்கு உயர்ந்த வரி போட்டு காப்பாத்துனாங்க. ஆயிரக்கணக்கான குடும்பம் அதுல வாழ்ந்துச்சு. 91க்கு அப்புறம் வரி குறைய குறைய கடன் ஏறுச்சு, பின்னால டிஜிட்டல் வந்து பிலிமே போச்சு, 2014ல மூடுறதுக்கு மத்திய அரசு முடிவு எடுத்துச்சு. முப்பது வருஷம் வேலிக்குள்ள இருந்த செடிக்கு காத்து பழகல.

91ல ஏன் கதவைத் திறந்தோம்னும் ஞாபகம் வச்சுக்கணும். ரெண்டு மூணு வாரம் இறக்குமதிக்கு மட்டும்தான் டாலர் இருந்துச்சு, ரிசர்வ் பேங்க் 47 டன் தங்கத்தை லண்டனுக்கும் ஜப்பானுக்கும் அடகு வச்சது. டாலர் இல்லன்னா பெட்ரோல் இல்ல உரம் இல்ல மருந்து இல்ல. இலங்கையில 2022ல கண்ணால பாத்தோமே, கேஸுக்கும் பெட்ரோலுக்கும் எவ்வளவு நீள வரிசை.

சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையில 1998ல கொரியாக்காரங்க கார் செய்ய ஆரம்பிச்சதுல இருந்து அந்த பெல்ட் பூரா எப்படி மாறுச்சுன்னு பாருங்க, கூடவே எத்தனை பார்ட்ஸ் கம்பெனி. நம்ம பிள்ளைங்க எத்தனை பேர் அங்கதான் வேலையில இருக்காங்க.

#7 தேவாலா_மழை

//நம்ம பிள்ளைங்க எத்தனை பேர் அங்கதான் வேலையில இருக்காங்க//

அதுல நானும் ஒருத்தன் அண்ணா. கூடலூர் தாலுக்கா, தாத்தா பாட்டி சாஸ்திரி சிறிமா ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்தவங்க, அரசு தேயிலைத் தோட்டத்துல லைன் வீடு. டிப்ளமோ முடிச்சுட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வெளிநாட்டு கம்பெனியில சேர்ந்தேன், பேர் வேண்டாம். ஏசி ஹால், பஸ், சாப்பாடு, யூனிபார்ம். வீட்டுல முதல் தடவையா தோட்டத்து சம்பளம் இல்லாத சம்பளம். அம்மா அந்த முதல் மாசச் சம்பளத்துல குக்கர் வாங்குனாங்க, இன்னும் வச்சிருக்காங்க.

அஞ்சு வருஷத்துல கம்பெனி மூடிட்டாங்க. வரி விஷயம்னாங்க, மார்க்கெட் போச்சுன்னாங்க, எங்களுக்கு வந்தது ஒரு செட்டில்மென்ட் கவர். அதுல எனக்கு என்ன கோவம்னா, அஞ்சு வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒரு போர்டுல நாலு ஸ்க்ரூ போடறதும் டெஸ்ட் மெஷின்ல பச்சை லைட்டு வருதான்னு பாக்கறதும். பக்கத்து லைன்ல என்ன நடக்குதுன்னே தெரியாது. வெளிய வந்து வேற வேலை கேட்டா என்ன தெரியும்ங்கறாங்க, எனக்கு பச்சை லைட்டு தெரியும்.

ஆனா என் ரூம்மேட் ஒருத்தன் கார் பார்ட்ஸ் சப்ளை பண்ற நம்ம ஊர் கம்பெனியில டூல் ரூம்ல இருந்தான். டை, அதாவது பார்ட்ஸுக்கு உருவம் குடுக்கற அச்சு, செய்ய கத்துக்கிட்டான். அவன் இப்ப அம்பத்தூர்ல சொந்தமா சின்ன ஒர்க்‌ஷாப் வச்சு மூணு பேருக்கு சம்பளம் குடுக்கறான். ரெண்டு பேரையும் கொண்டு வந்தது வெளிநாட்டு முதலீடுதான்.

#8 கொழுந்துக்கூடை

தேவாலா அண்ணா, நீங்க எழுதுனதை மூணு தடவை படிச்சேன். நான் தேடுனது இதுதான்னு நினைக்கிறேன். எவ்வளவு கோடி வந்துச்சுன்னு எல்லாரும் எண்ணுறாங்க, வந்தவன் போனதுக்கு அப்புறம் ஊர்ல எது மிச்சம் இருக்குன்னு யாரும் எண்ணல. தெர்மாமீட்டர் ஃபேக்டரி போனதும் பாதரசம் மிச்சம். ரஷ்யாக்காரன் போனதும் கத்திரி மிச்சம், கம்பி மிச்சம். உங்க ரூம்மேட்டுக்கு கைத்தொழில் மிச்சம்.

சார், இதுக்கு ஆராய்ச்சி ஏதாவது இருக்கா? கொரியா எப்படி தப்பிச்சாங்க? அவங்களும் ஒரு காலத்துல நம்மள மாதிரிதானே இருந்தாங்க.

#9 பாடம்_சொல்றவர்

இருக்கு தங்கச்சி, நிறைய இருக்கு, நீ சரியான இடத்துல கையை வச்சிருக்க.

1998ல போரென்ஸ்டைன், டி கிரெகோரியோ, லீ மூணு பேர் பல வளரும் நாடுகளோட கணக்கை வச்சுப் பாத்தாங்க. வெளிநாட்டு முதலீடு உள்ளூர் முதலீட்டை விட கூடுதலா வளர்ச்சி தருது, ஆனா அந்த நாட்டு மக்களோட படிப்பு ஒரு மட்டத்துக்கு மேல இருந்தாதான்னு வந்துச்சு. அடுத்த வருஷம் எய்ட்கன், ஹாரிசன்னு ரெண்டு பேர் வெனிசுவேலாவுல பாத்தா, வெளிநாட்டுக் கம்பெனி வந்த அதே தொழில்ல இருந்த உள்ளூர்க் கம்பெனிகளோட உற்பத்தித்திறன் குறைஞ்சிருக்கு, சந்தையை அவன் எடுத்துக்கிட்டான். 2004ல யாவோர்சிக்ங்கறவங்க லிதுவேனியாவுல பாத்தது இன்னும் முக்கியம், பலன் போய்ச் சேர்ந்தது போட்டிக் கம்பெனிக்கு இல்ல, அவனுக்கு சாமான் சப்ளை பண்ற உள்ளூர்க் கம்பெனிக்கு. தேவாலா தம்பியோட ரூம்மேட் அந்த ஆராய்ச்சியை படிக்கல, ஆனா அதுக்குள்ள வாழ்ந்துக்கிட்டிருக்கான்.

கொரியா கதை வேற மாதிரி. அவங்க ஆரம்பத்துல வெளிநாட்டுக் கம்பெனியை அவ்வளவா உள்ள விடவே இல்ல. கடன் வாங்குனாங்க, தொழில்நுட்பத்தை லைசென்ஸ் எடுத்தாங்க, சொந்தக் கம்பெனிகளுக்கு அரசு காப்பு குடுத்துச்சு, ஆனா ஒரு கண்டிஷனோட, இத்தனை டாலருக்கு ஏற்றுமதி பண்ணிக் காட்டணும் இல்லன்னா கடன் கிடையாது. லெட்ஜர் தம்பி சொன்ன பிலிம் ஃபேக்டரிக்கு வேலி இருந்துச்சு, இந்தக் கண்டிஷன் இல்ல. கொரியாவுல ஸ்டீல் ஃபேக்டரி வேணும்னப்போ இது உங்களுக்கு கட்டுப்படியாகாதுன்னு உலக வங்கி கை விரிச்சுது, ஜப்பான் குடுத்த இழப்பீட்டுப் பணத்துல கட்டுனாங்க. ஹூண்டாய் 1975ல போனி கார் செஞ்சப்போ டிசைன் இத்தாலிக்காரர், எஞ்சின் மிட்சுபிஷி. இருபத்தி மூணு வருஷம் கழிச்சு அதே ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு முதலாளியா வந்துச்சு.

சிங்கப்பூர் இதுக்கு நேர் எதிர், வெளிநாட்டுக் கம்பெனியை வாசல்ல நின்னு கூப்பிட்டாங்க, அவங்களும் வளர்ந்தாங்க. ஆனா கூப்பிட்டதோட விடல, ஆளுங்களுக்கு பயிற்சி, துறைமுகம், ஒழுங்கான நிர்வாகம் எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தாங்க. அதனால ஒரே சூத்திரம் கிடையாது, செமினார்ல யாராவது சூத்திரம் கேட்டா கொரியாவையும் சிங்கப்பூரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டு.

பங்களாதேஷ் ஒண்ணு சொல்லி முடிக்கிறேன். 1979ல தேஷ்னு ஒரு உள்ளூர் கார்மெண்ட்ஸ் கம்பெனி கொரியாவோட டேவூ கூட சேர்ந்துச்சு. சுமார் 130 பேரை பூசான் நகரத்துக்கு அனுப்பி ஆறு மாசம் பழக்குனாங்க. திரும்பி வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க சில வருஷத்துல விலகி தனித்தனியா ஃபேக்டரி போட்டாங்க, வேற ஃபேக்டரிகளுக்கு மேனேஜரா போனாங்க. டேவூ வெளிய போச்சு, தொழில் தங்கிடுச்சு. இன்னைக்கு அந்த நாட்டு ஏற்றுமதியில பெரும்பங்கு ஆயத்த ஆடைதான்.

#10 திருப்பூர்_ஓவர்லாக்

சார் சொன்ன பங்களாதேஷ் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கு, அதை சேர்த்தே எழுதணும். 2013 ஏப்ரல் 24ல ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தாங்க, முந்தின நாளே சுவத்துல விரிசல் விட்டிருந்துச்சு, ஆர்டர் டெலிவரி தேதி இருக்குன்னு உள்ள அனுப்புனாங்க. நான் ஏற்றுமதி கம்பெனியில மெர்ச்சண்டைசர், ஆர்டரைப் பாத்துக்கற வேலை, அந்த டெலிவரி தேதின்னா என்னன்னு எனக்கு தெரியும். ஒரு நாள் தள்ளுனா கப்பலை விட்டுட்டு பிளைட்ல அனுப்பணும், லாபம் பூரா அதுலயே போயிடும். சட்டை போடறவருக்கு விலை ஏறக் கூடாது, பிராண்டுக்கு லாபம் குறையக் கூடாது, அப்ப மிச்சம் யாரு, தைக்கறவங்க.

எனக்கு சொந்த ஊரு குன்னூர் பக்கம், தேயிலை விலை விழுந்தப்போ குடும்பத்தோட கீழ இறங்கி திருப்பூர் வந்தவங்க நாங்க. எங்க லைன்லயே நீலகிரி ஆளுங்க நிறைய. அப்பா ரஷ்யாவை நம்பி கவுந்தாரு, நான் அமெரிக்காவை நம்பி உக்காந்திருந்தேன். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா இந்திய சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்குன உடனே பையர் மெயில் போட்டாங்க, ஹோல்ட். ஒத்தை வார்த்தை. தைச்சு அட்டைப்பெட்டியில போட்டு சீல் வச்ச சரக்கு கோடவுன்ல. ஷிப்ட் குறைச்சாங்க, வடக்கத்தி பசங்க ரயில் ஏறிட்டாங்க.

வியாபாரம் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், எங்களுக்கு சோறு போட்டது இதுதான், ஒண்ணுமே இல்லாம வந்து இன்னைக்கு தங்கச்சியை நர்சிங் படிக்க வச்சிருக்கேன். ஒரே வாசல்ல எல்லாரும் நின்னா வாசல் சாத்தும்போது எல்லார் கையும் நசுங்குது, அதுதான் என் ஆதங்கம். இங்கிலாந்தோட 2025 ஜூலையில ஒப்பந்தம் கையெழுத்தானப்போ எங்க முதலாளி ஸ்வீட் குடுத்தாரு. இன்னொரு வாசல் இருக்கட்டுமேன்னு.

#11 குந்தா_பனி

தம்பி குன்னூர் பக்கம் எந்த ஹட்டி? உங்க அப்பா எனக்கு தெரிஞ்சவரா இருக்கலாம். தனி மெசேஜ்ல சொல்லு.

லெட்ஜர்கிட்ட ஒரு கேள்வி. கென்யாக்காரன் டீ எப்படி நம்மளை தாண்டுச்சு? அங்கயும் சின்ன விவசாயிதானே? எங்க கூட்டத்துல எல்லாரும் கென்யா கென்யான்னு பயமுறுத்துவாங்க, விவரமா யாரும் சொன்னதில்ல.

#12 வெலிங்டன்_லெட்ஜர்

நல்ல கேள்வி அண்ணே, இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

கென்யாவுல டீ கொண்டு வந்தது வெள்ளைக்காரங்க, பெரிய எஸ்டேட் எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிங்க கையில. சுதந்திரத்துக்கு அப்புறம் 1964ல சின்ன விவசாயிகளுக்குன்னு ஒரு அமைப்பு, கேடிடிஏன்னு சொல்லுவாங்க, உருவாக்குனாங்க. நாத்து குடுக்கறது, பறிக்க சொல்லிக் குடுக்கறது, இலை சேகரிக்கறது, ஃபேக்டரி நடத்தறது, மொம்பாசா ஏலத்துல விக்கிறது எல்லாம் ஒரே கை. 2000ல அது அரசு கையை விட்டு விவசாயிகள் பங்கு வச்சிருக்கற கம்பெனியா மாறுச்சு. இன்னைக்கு நாட்டு டீல பாதிக்கு மேல சின்ன விவசாயி டீ. பிளாக் டீ ஏற்றுமதியில உலகத்துலயே கென்யாதான் முதல் இடம்.

இலை எடுக்கும்போது ஒரு விலை, வருஷக் கடைசியில ஃபேக்டரி எவ்வளவுக்கு வித்துச்சோ அதுக்கேத்த மாதிரி இன்னொரு பட்டுவாடா, போனஸ்னு சொல்லுவாங்க. அதனால முத்தல் இலை போட்டா அவங்க போனஸ்லயே கைவைச்ச மாதிரி, கண்காணிக்கவே ஆள் வேண்டாம். அங்கயும் நிர்வாகத்து மேல புகார் இருக்கு, போனஸ் குறைஞ்சா ரோட்டுக்கு வர்றாங்க, சொர்க்கம்னு சொல்லல. ஆனா நல்லா பறிச்சா பலன் யாருக்கு போகுதுன்னு விவசாயிக்கு தெரியும்.

நம்மகிட்டயும் சொசைட்டி ஃபேக்டரி 16 இருக்கே, விவசாயிதான் மெம்பர், இன்கோசர்வ்ங்கற சொசைட்டிகளோட கூட்டமைப்பு மூலமா விக்கிறாங்க. அமைப்பு இருக்கு. ஆனா முக்கால்வாசி சின்ன விவசாயி இலை தனியார் ஃபேக்டரிக்கும் ஏஜென்ட் கைக்கும்தான் போகுது, அங்க எடையும் அன்னன்னிக்கு விலையும்தான். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் டீக்கு (இலையை உருட்டி செய்யற பழைய முறை டீ) புவிசார் குறியீடு வாங்கியாச்சு, வெளிநாட்டுல நல்ல பேரும் இருக்கு, ஆனா அந்த விலைக்கு இலை போடற தரத்துக்கு போன சின்ன விவசாயி கொஞ்சம் பேர்தான்.

#13 தேவாலா_மழை

மிளகைப் பத்தியும் ஒரு வரி. எங்க பக்கம் காபி, சில்வர் ஓக் மரத்துல மிளகு ஏத்தி விட்டு அதுல பொழைச்சவங்க நிறைய. 2010ல வியட்நாமும் சேர்ந்த ஆசியான் நாடுகளோட ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்புறம் வியட்நாம் மிளகு வருது, இலங்கை வழியா சுத்தியும் வருதுன்னு வியாபாரிங்க சொல்லுவாங்க. விலை நல்லா இறங்குனதும் 2017 டிசம்பர்ல கிலோவுக்கு 500 ரூபாய்க்கு கீழ இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு அரசு போட்டுச்சு. அப்ப ஒண்ணு தோணுச்சு, போன் கம்பெனியில வியட்நாம் கூட போட்டி, வீட்டுக்கு வந்தா மிளகுலயும் வியட்நாம் கூட போட்டி. அவங்களுக்கு ரெண்டுலயும் எப்படி முடியுது?

#14 பாடம்_சொல்றவர்

தம்பி, 1986ல அவங்க தோய் மோய்னு ஒரு சீர்திருத்தம் ஆரம்பிச்சாங்க. நிலத்தை கூட்டுப்பண்ணையில இருந்து குடும்பங்க கையில குடுத்தாங்க, முதல்ல அரிசியில நிமிர்ந்தாங்க, அப்புறம் காபி மிளகு, அப்புறம் செருப்பு துணி, 2009ல சாம்சங் பக் நின் மாகாணத்துல போன் செய்ய ஆரம்பிச்சுது. கிராமத்துப் பள்ளிக்கூடம் முன்னாடியே நல்லா இருந்துச்சு, பொண்ணுங்க படிச்சிருந்தாங்க. ஆனா இன்னைக்கும் அவங்க ஏற்றுமதியில மூணுல ரெண்டு பங்குக்கு மேல வெளிநாட்டுக் கம்பெனியோடது, உள்ளூர் சப்ளையர் குறைவுன்னு அந்த நாட்டு அரசே கவலைப்படுது. உன் பச்சை லைட்டு கவலை அங்கயும் இருக்கு.

தங்கச்சிக்கு கடைசியா ரெண்டு விஷயம். ஒண்ணு, முதலீடுன்னாலே ஒரே பையில போடாத. மெஷினும் கட்டடமுமா இறங்குன பணம் ஒரு ராத்திரியில ஓட முடியாது. ஷேரும் குறுகிய காலக் கடனுமா வந்த பணம் ஓடும். தாய்லாந்துல 1997 ஜூலை 2ல அவங்க நாணயம் பாத் சரிஞ்சப்போ அதுதான் நடந்துச்சு, இந்தோனேசியா கொரியா வரைக்கும் பரவுச்சு. அதே மாதிரி மொரீஷியஸ்ல இருந்து இந்தியாவுக்கு இவ்வளவு முதலீடுன்னு படிச்சா, அந்தச் சின்னத் தீவுல அவ்வளவு பணம் எங்க இருந்துச்சுன்னு கேளு, வரி ஒப்பந்தத்துக்காக அந்த வழியா சுத்தி வந்த பணம் அதுல நிறைய.

ரெண்டு, தோப்பலோவாங்கறவங்க 2010ல வெளியிட்ட ஆராய்ச்சி. 1991ல இந்தியா இறக்குமதி வரியை குறைச்சப்போ, எந்தெந்த கிராமப்புற மாவட்டத்துல அந்த வரிக்குறைப்புக்கு நேரா அடிபட்ட தொழில் அதிகமோ, அங்க வறுமை மத்த மாவட்டத்தை விட மெதுவா குறைஞ்சுதுன்னு காட்டுனாங்க. ஏன்னா ஜனங்க சட்டுனு ஊர் மாறல, தொழில் மாறல. நாடு மொத்தமா வளர்ந்துச்சு, அது உண்மை. அந்த மாவட்டம் பின்தங்குச்சு, அதுவும் உண்மை. உங்க வீட்டுக் கம்பி ரெண்டாவது உண்மையில நிக்குது.

#15 மன்னவனூர்க்காரன்

சார் சொன்னதுல ஒண்ணு மனசுல நின்னுச்சு, ஜனங்க சட்டுனு ஊர் மாறலங்கறது. மாற முடியாதுங்க. பூமி இங்க இருக்கு, சாமி இங்க இருக்கு, வயசான அம்மா இங்க இருக்காங்க.

எங்க மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது. சீனாப் பூண்டுக்கு 2014ல இருந்து தடை இருந்தும் திருட்டுத்தனமா வருது, பெருசா வெள்ளையா மார்க்கெட்டுல அழகா இருக்கும், எங்க பூண்டு சின்னது, காரம், ஒரு வருஷம் வச்சாலும் கெடாது. வெளிநாட்டுக்கு அனுப்பலாம்னு வந்து பேசுறாங்க. அனுப்ப எனக்கு ஆசைதான். ஆனா இந்தத் தடவை வர்றவங்க கிட்ட தண்ணி எங்க போகும் கழிவு எங்க போகும், விலையை யார் எழுதுவாங்கன்னு முதல்லயே கேக்கணும்னு எங்க ஊர்ல பேசி வச்சிருக்கோம். எங்க அப்பா தலைமுறை அதைக் கேக்கல, கேக்கலாம்னு அவங்களுக்கு யாரும் சொல்லவும் இல்ல.

#16 கொழுந்துக்கூடை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி நோட்ஸை எல்லாம் ஓரமா வச்சுட்டு புதுசா எழுத ஆரம்பிச்சேன். தலைப்பு அதேதான், மாத்த விட மாட்டாங்க, ஆனா ஒரு நாட்டுக்கு எவ்வளவு வந்துச்சுங்கற பட்டியலுக்கு பக்கத்துலயே எது தங்குச்சுன்னு இன்னொரு பத்தி போடறேன். பூசான் போயிட்டு வந்த அந்த 130 பேர், டூல் ரூம் அண்ணா, கென்யா போனஸ், கொடைக்கானல் பாதரசம் எல்லாம் அந்தப் பத்தியில வரும்.

அப்பாகிட்ட இந்த பேச்சை எல்லாம் படிச்சுக் காட்டுனேன். குந்தா ஐயா கத்திரி பத்தி எழுதுனதை கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் நாங்களும் அப்படித்தான் வெட்டுனோம்னாரு. இத்தனை வருஷத்துல அதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்ல.

குந்தா ஐயா, உங்க இலை நோட்டுல 1996ல இருந்து 2002 வரைக்கும் உள்ள பக்கங்களை நான் பாத்து எழுதிக்கலாமா? வீட்டை விட்டு வெளிய எடுத்துட்டு போக மாட்டேன், அங்கயே உக்காந்து எழுதிக்கிறேன். உங்க பேர் ஊர் எதுவும் போட மாட்டேன்.

#17 குந்தா_பனி

தாராளமா வாம்மா. ஞாயித்துக்கிழமை காலையில வா, மதியத்துக்கு மேல மஞ்சூர் பக்கம் மூடுபனி இறங்கிடும், பஸ்ஸு நேரத்துக்கு வராது. அப்பாவையும் கூட்டிட்டு வா. 99 நோட்டு மழையில நனைஞ்சு ஓரம் எல்லாம் ஒட்டிக்கிச்சு, ஆனா விலை எழுதுன பக்கம் தெரியுது. கோடு மட்டும் போட்ட மாசத்தை நானே காட்டுறேன்.